அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் ஏறவில்லை

தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் முற்றிய ஒருவரின் கட்டிலருகே நின்றால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காட்சிகளைக் காணலாம். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். பெரிய ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிட்டன என்று அதற்குப் பொருள். அதே நேரத்தில் விரல்கள் சில்லிட்டிருக்கும், சிறுநீர் சொட்டுச்சொட்டாகக் குறைந்து நின்றுபோகும். எங்கோ ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன என்று அதற்குப் பொருள். தளர்வும் இறுக்கமும் ஒரே உடம்பில், ஒரே மணி நேரத்தில்.

மருத்துவம் நெடுங்காலம் தளர்வையே முதன்மையாகப் பார்த்தது. விழுந்த அழுத்தத்தை மருந்தால் தூக்கி நிறுத்துவதே சிகிச்சையின் மையமாக இருந்தது. இறுக்கத்தின் கதை பிற்பாடுதான் துண்டு துண்டாக வெளிவந்தது. ரத்தக்குழாயைச் சுருக்கும் மூலக்கூறுகள் குழாயின் அகலத்தை மட்டும் மாற்றுவதில்லை, அழற்சியையும் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட அழற்சி அதே மூலக்கூறுகளை இன்னும் அதிகமாகச் சுரக்க வைக்கிறது. இந்தச் சுழலை எந்த ஒற்றை மருந்தாலும் இதுவரை அறுக்க முடியவில்லை. அது இறுகுவதற்கு முன் நோயாளி மருத்துவரிடம் வந்து சேர்ந்தால் மட்டுமே அறுக்க முடிகிறது. மழைக்கால மும்பையில், குறிப்பாகத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ் மக்களுக்கு, இந்த அறிவியல் நேரடியாகப் பயன்படும்.

தேங்கிய நீரிலிருந்து தீவிர சிகிச்சை வரை

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தாராவியின் ஓரமாக ஓடி மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் மிட்டி ஆறு கரை மீறியது. லட்சக்கணக்கானோர் இடுப்பளவு, மார்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்தார்கள். வெள்ளம் வடிந்த பின் வந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நகரெங்கும் வெடித்தது. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டு மடங்கு என்று மும்பையில் நடந்த ஆய்வு பதிவு செய்தது.

அந்த அளவு வெள்ளம் எப்போதாவது வருவது. ஆனால் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் சயானும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீரில் நிற்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த அந்த நீரில், காலில் சின்னக் கீறலோடு நடப்பவரின் உடம்பில் லெப்டோஸ்பைரா கிருமி எளிதில் நுழைகிறது. பலருக்கு அது சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். சிலருக்கு ஐந்தாறு நாட்களில் கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொட முடியாமல் வலித்து, மஞ்சள் காமாலை தோன்றி, சிறுநீரகம் செயலிழந்து, நுரையீரலில் ரத்தம் கசிகிறது. இந்தக் கிருமி ரத்தக்குழாயின் உட்புறச் செல்களைப் பிணைக்கும் இணைப்புகளையே குலைக்கிறது. அந்த நிலையில் நோயின் பெயர் எலிக்காய்ச்சலாக இருந்தாலும் உடம்பில் நடப்பது செப்சிஸ்தான்.

தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைக்கும் நிலைதான் செப்சிஸ் என்று 2016-இல் உலக மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். 2020-இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2017-ஆம் ஆண்டில் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது. 1 கோடியே 10 லட்சம் பேர் அதனோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். அந்த ஆண்டின் உலக மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது. இந்தியாவின் பங்கு 1 கோடியே 13 லட்சம் நோயாளிகள், 29 லட்சம் மரணங்கள் என்று அதே ஆய்வு கணித்தது. இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, பிரசவத் தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு என்றே எழுதப்படுகிறது. அதனால் இந்த எண்ணிக்கை நம் கண்ணில் படுவதில்லை.

பாம்பின் நஞ்சும் நம் உடம்பின் சுரப்பும்

1988-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவா என்ற இளம் ஆய்வாளரும் அவர் குழுவினரும் பன்றியின் பெருந்தமனியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வளர்ப்பு நீரில் ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். 21 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு எண்டோதீலின் என்று பெயரிட்டார்கள். அதுவரை அறியப்பட்ட எந்தச் சுரப்பையும்விட வலுவாக அது ரத்தக்குழாயைச் சுருக்கியது. அதன் விளைவும் எளிதில் மறையாமல் நீடித்தது.

அதே ஆண்டில் இஸ்ரேலில் இன்னொரு செய்தி வந்தது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு கருநிறப் பாம்பின் நஞ்சில் இருந்த சாராஃபோடாக்சின் என்ற நச்சுப்பொருளின் அமைப்பு தெரியவந்தது. அதிலும் 21 அமினோ அமிலங்கள். வரிசையும் மடிப்பும் எண்டோதீலினுக்கு மிக நெருக்கமானவை. அந்தப் பாம்பு கடித்தால் இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகள் இறுகி உயிர் போகக்கூடும். பாம்பு இரையைக் கொல்ல வைத்திருக்கும் பொருளுக்கு ஒப்பான ஒன்றை நம் ரத்தக்குழாய்களே நாள்தோறும் சிறிதளவு சுரந்துகொண்டிருக்கின்றன. அளவு கட்டுக்குள் இருக்கும்வரை அது குழாயின் இயல்பான இறுக்கத்தைக் காக்கிறது.

எண்டோதீலின் இரண்டு ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. தசைச் செல்களில் உள்ள ஏ வகை ஏற்பி குழாயைச் சுருக்குகிறது. உட்புறச் செல்களில் உள்ள பி வகை ஏற்பி நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது. மிஞ்சிய எண்டோதீலினை ரத்தத்திலிருந்து அகற்றவும் செய்கிறது. சுருக்குவதும் தளர்த்துவதும் ஒரே மூலக்கூறின் இரு கைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் மருந்துத் தோல்விகளுக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

செப்சிஸில் என்ன ஆகிறது? பாக்டீரியாவின் நச்சுறை, டி.என்.எஃப். என்ற சைட்டோகைன், ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஆகிய மூன்றுமே எண்டோதீலின் உற்பத்தியை ஏற்றிவிடுகின்றன. 1990களின் தொடக்கத்திலேயே, செப்சிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் எண்டோதீலின் உயர்ந்திருப்பதும் நோயின் கடுமையோடு அதன் அளவு கூடுவதும் தெரிந்துவிட்டது. ரத்தத்தில் அளப்பது உண்மை அளவின் ஒரு பகுதிதான். உட்புறச் செல்கள் எண்டோதீலினின் பெரும்பகுதியை ரத்தத்தின் பக்கம் விடுவதில்லை, அடியிலுள்ள தசையின் பக்கம் விடுகின்றன. நாம் ஊசியில் எடுப்பது வழிந்து வந்த மிச்சம்.

சுரந்த எண்டோதீலின் குழாயைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. ஒற்றை உட்கரு வெள்ளணுக்களைத் தூண்டி டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலியவற்றை வெளியிடச் செய்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் தாக்குதலுக்குத் தயார்படுத்துகிறது. அவை குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தேவையான பிடிமானப் புரதங்களை உட்புறச் செல்களில் கூட்டுகிறது. ஒட்டிய வெள்ளணுக்கள் சுவரைச் சிதைக்கின்றன. சிதைந்த சுவர் வழியே நீர் திசுக்களுக்குள் கசிகிறது. சிதைந்த செல்கள் இன்னும் எண்டோதீலினைச் சுரக்கின்றன. அழற்சி சுருக்கத்தை வளர்க்கிறது, சுருக்கம் அழற்சியை வளர்க்கிறது.

துணைக்கு வரும் இன்னும் இருவர்

எண்டோதீலின் தனியாக இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிற எவருக்கும் ஆஞ்சியோடென்சின் மறைமுகமாக அறிமுகமானதுதான். அவர்கள் விழுங்கும் எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியையோ செயலையோ தடுப்பவை. எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 குழாயைச் சுருக்குகிறது. கூடவே செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை எழுப்புகிறது.

அடுத்தது த்ராம்பாக்சேன் ஏ2. 1975-இல் ஸ்வீடனின் பெங்ட் சாமுவேல்சன் குழு கண்டறிந்த இதைத் தட்டணுக்கள் வெளியிடுகின்றன. குழாயைச் சுருக்குவதும் மற்றத் தட்டணுக்களைத் திரட்டி அடைப்பு உண்டாக்குவதும் இதன் வேலை. செப்சிஸில் நுண்ணிய தந்துகிகளில் ஆங்காங்கே உறைகட்டிகள் தோன்றி ஓட்டம் நிற்பதில் இதற்குப் பங்குண்டு.

இவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் குழாயைத் தளர்த்துகின்றன. செப்சிஸில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் பெருகுகின்றன, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இல்லை. பெரிய குழாய்களில் தளர்வு வெல்கிறது. சிறுநீரகம், குடல், தோல் ஆகியவற்றின் நுண்குழாய்ப் படுகையில் பல இடங்களில் இறுக்கம் வெல்கிறது. தொடக்கத்தில் கண்ட முரணுக்கு விடை இதுதான். 2002-இல் பெல்ஜியத்தின் டேனியல் டி பேக்கர் குழு நாவின் அடியில் சிறு ஒளிக்கருவியை வைத்து நுண்குழாய்களை நேரில் படமெடுத்தது. செப்சிஸ் நோயாளிகளுக்கு அங்கே ஓட்டமுள்ள நுண்குழாய்கள் குறைந்திருந்தன. ஒரு குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த குழாயில் நின்றிருக்கும். தாராவிக் குறுக்குச் சந்தில் கடைசி வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்: பிரதான குழாயில் அழுத்தம் இருக்கிறது என்று மாநகராட்சி சொல்வது உண்மையாகவே இருக்கலாம், கடைசி வீட்டுக் குடத்தில் நீர் விழவில்லை என்பதும் உண்மை.

உடம்பே வைத்திருக்கும் கத்தரிக்கோல்

இவ்வளவு ஆபத்தான மூலக்கூறை உடம்பு கட்டுப்பாடின்றி விட்டு வைத்திருக்காது அல்லவா? 2004-இல் ஜெர்மனியின் மார்க்கஸ் மாவ்ரரும் அமெரிக்காவின் ஸ்டீபன் காலியும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தந்தது. மாஸ்ட் செல்களை நாம் ஒவ்வாமையின் வில்லனாகவே அறிவோம். தும்மலும் தடிப்பும் ஆஸ்துமாவும் அவற்றின் வேலை. ஆனால் மாஸ்ட் செல்களே இல்லாத எலிகளுக்கு எண்டோதீலின் செலுத்தியபோதும், வயிற்றறையில் தொற்று ஏற்படுத்தியபோதும் அவை எளிதில் இறந்தன. மாஸ்ட் செல்களைத் திரும்ப வைத்தபோது பிழைத்தன.

எண்டோதீலினே மாஸ்ட் செல்லின் ஏ வகை ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த செல் தன் துகள்களில் உள்ள கார்பாக்சிபெப்டிடேஸ்-ஏ என்ற நொதியைக் கொட்டுகிறது. அந்த நொதி எண்டோதீலினின் கடைசி அமினோ அமிலமான ட்ரிப்டோஃபேனை வெட்டி எடுத்துவிடுகிறது. 21-இல் ஒன்று போனதும் மூலக்கூறு செயலற்றுப் போகிறது. 2006-இல் அதே குழு, முன்னே சொன்ன பாம்பின் நஞ்சையும் மாஸ்ட் செல்கள் இதே வழியில் முறிப்பதைக் காட்டியது.

ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் காலியின் குழுவே எச்சரிக்கையும் தந்தது. தொற்று மிதமாக இருக்கும்போது காக்கிற மாஸ்ட் செல், தொற்று மிகக் கடுமையாகும்போது தான் சுரக்கும் டி.என்.எஃப். மூலம் நிலைமையை மோசமாக்கவும் கூடும். காப்பும் கேடும் ஒரே செல்லில் இருந்து வருகின்றன; எது மேலோங்கும் என்பதை நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காலமும் அளவுமே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்ற பாடம் மனிதரில் நடந்த சோதனைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது.

மஹாடில் வென்ற வழி

சுருக்கத்தைத் தடுத்தே உயிர் காத்த மகத்தான உதாரணம் மும்பைக்குத் தெற்கே, ராய்கட் மாவட்டத்தின் மஹாடில் இருக்கிறது. கொங்கண் கிராமங்களில் செந்தேள் கொட்டினால் நரம்பு முனைகளிலிருந்தும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் நார்அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாய்ப் பாயும். ரத்தக்குழாய்கள் இறுகி, கை கால் சில்லிட்டு, வியர்த்துக் கொட்டி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக் குழந்தைகள் இறப்பார்கள். முன்பு மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்தார்கள்.

1970களின் பிற்பகுதியில் அந்தப் பகுதியின் அரசு மருத்துவராகச் சேர்ந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், நோயாளிகளின் கட்டிலருகே இரவெல்லாம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இறப்புக்குக் காரணம் இந்த இறுக்கமே என்று முடிவுக்கு வந்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மலிவான பிராசோசின் மாத்திரையைக் கொடுத்தார். நார்அட்ரினலின் அமரும் ஆல்ஃபா ஏற்பியை அது மறித்தது. இறப்பு விகிதம் சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கியது. பின்னர் தேள் நஞ்சுமுறி மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அவர் செய்த ஆய்வு 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பரிசோதனைக்கூடம் இல்லாத ஒரு சிற்றூரில், கை வைத்துப் பார்த்துக் கண்ட உண்மை உலகப் பாடநூலுக்குள் போனது.

மஹாடில் வென்ற வழி செப்சிஸில் ஏன் வெல்லவில்லை? தேள்கொட்டில் காரணம் ஒன்று, தொடங்கிய நேரம் தெரியும், எல்லாக் குழாய்களும் ஒரே திசையில் இறுகுகின்றன. செப்சிஸில் காரணங்கள் பல, தொடங்கிய நேரம் தெரியாது, சில குழாய்கள் தளர்ந்தும் சில இறுகியும் இருக்கின்றன. ஒரு ஏற்பியை மறித்தால் ஓரிடத்தில் நன்மையும் இன்னோரிடத்தில் தீமையும் விளைகின்றன.

மூன்று சோதனைகள் சொன்ன பாடம்

1997-இல் வெளியான ஒரு சோதனையில் 455 செப்சிஸ் நோயாளிகளிடம் ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்தைச் சோதித்தார்கள். அது த்ராம்பாக்சேன் உற்பத்தியைக் குறைத்தது. காய்ச்சல் இறங்கியது, நாடித்துடிப்பு இறங்கியது. உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை கூடவில்லை. சுருக்கும் த்ராம்பாக்சேனோடு தளர்த்தும் புரோஸ்டாசைக்ளினையும் அந்த மருந்து சேர்த்தே குறைத்தது.

2004-இல் வெளியான சோதனை எதிர்த்திசையில் சென்றது. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தால் தளர்ந்த குழாய்கள் இறுகும், அழுத்தம் ஏறும் என்பது கணக்கு. அழுத்தம் ஏறத்தான் செய்தது. ஆனால் 797 நோயாளிகளைச் சேர்த்த பின் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்றவர்களில் 59 சதவீதமும் பெறாதவர்களில் 49 சதவீதமும் இறந்திருந்தார்கள். திரையில் எண் சரியானது. நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள். செப்சிஸ் ஆய்வு வரலாற்றில் இதைவிடக் கசப்பான பாடம் குறைவு.

2014-இல் வெளியான பிரெஞ்சுச் சோதனையில் 776 நோயாளிகளை வைத்து இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். நார்அட்ரினலின் போன்ற மருந்தால் சராசரி ரத்த அழுத்தத்தை வழக்கமான 65 முதல் 70-இல் நிறுத்துவதா, 80 முதல் 85 வரை ஏற்றுவதா? ஏற்றியதால் இறப்பு குறையவில்லை. இதயத்துடிப்புக் கோளாறு கூடியது.

சுருக்கும் மருந்துகளே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. செப்சிஸ் அதிர்ச்சி நிலையில் நார்அட்ரினலின் உயிர் காக்கும் முதல் மருந்தாக இன்றும் நிற்கிறது. அது இல்லாவிட்டால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தமே போகாது. அழற்சியைத் தூண்டும் ஆஞ்சியோடென்சின்-2-ஐக்கூட, மற்ற மருந்துகளுக்கு அழுத்தம் ஏறாதவர்களுக்குக் கொடுக்க 2017-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. தேவையான அளவுக்கு மேல் ஒரு துளி கூடினாலும் விலை உண்டு என்பதே இந்தச் சோதனைகளின் சாரம். எண்டோதீலின் தடுப்பானான போசென்டான் 2001 முதல் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்குப் பயன்படுகிறது. செப்சிஸுக்கென ஒப்புதல் பெற்ற எண்டோதீலின் தடுப்பான் எதுவும் இன்றுவரை இல்லை.

விரல் நுனியில் ஒரு சோதனை

சுருக்கத்தை மருந்தால் வெல்ல முடியாவிட்டாலும் அதைப் பார்க்க முடியும், அதுவும் செலவே இல்லாமல். நோயாளியின் வலக்கை ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் அழுத்துகிறார்கள். தோல் வெளுக்கிறது. பத்து நொடி அப்படியே பிடித்திருந்துவிட்டு விடுகிறார்கள். பழைய நிறம் திரும்ப எத்தனை நொடி? மூன்று நொடிக்குள் திரும்பினால் நுண்குழாய்களில் ஓட்டம் இருக்கிறது. அதற்கு மேல் ஆனால், திரையில் அழுத்தம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், விரல் நுனிக்கு ரத்தம் போதவில்லை. அதே கதிதான் சிறுநீரகத்துக்கும் என்று அஞ்ச வேண்டும்.

2019-இல் வெளியான ஆய்வுக்காகத் தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 424 செப்சிஸ் அதிர்ச்சி நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரத்தத்தின் லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை. மறு பிரிவினருக்கு விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 43.4 சதவீதம், இரண்டாம் பிரிவில் 34.9 சதவீதம். புள்ளியியல் உறுதிக்கு மயிரிழையில் எட்டாத வித்தியாசம் அது. அதைத் தொடர்ந்து பல நாடுகளில் நடந்து 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் இறப்பு விகிதம் மாறவில்லை. ஆனால் உறுப்புகளுக்குக் கருவிகளும் மருந்துகளும் துணை நிற்க வேண்டிய காலம் குறைந்தது. ஆய்வகமும் மின்சாரமும் தேவைப்படாத ஒரு சோதனை, விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனைக்கு ஈடாகவோ மேலாகவோ நின்றது.

நம் மக்களுக்கு இதில் தனிப் பயன் உண்டு. முழங்காலைச் சுற்றித் தோன்றும் நீலச்சிவப்புத் திட்டுகளை மேலைநாட்டு மருத்துவர்கள் செப்சிஸின் அடையாளமாகக் கொள்வார்கள். கறுத்த தோலில் அவை எளிதில் தெரிவதில்லை. விரல் நுனியும் நகத்தடியும் நமக்கும் நிறம் காட்டும். 2020-இல் கொரோனாக் காலத்தில் தாராவியில் வீடு வீடாக விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். அந்தக் கருவி விரலில் ரத்தம் துடிப்பதை வைத்தே ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. விரல் சில்லிட்டுக் குழாய்கள் இறுகியிருந்தால் எண் வராது, வந்தாலும் தடுமாறும். பலர் கருவி கெட்டுவிட்டது என்று உதறிவிட்டு அடுத்த விரலில் மாட்டுவார்கள். காய்ச்சல்காரரின் விரலில் எண் பிடிக்கவில்லை என்றால் முதலில் விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லிட்டிருந்தால் அதுவே தகவல்.

ஒரு ஊசியின் விலை

தாராவியிலும் செம்பூரின் குடிசைப் பகுதிகளிலும் நாட்கூலிக்குப் போகிறவர் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான்: "ஒரு ஊசி போட்டு விடுங்க சார், காலையில வேலைக்குப் போவணும்." ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற நிலையில் இந்தக் கோரிக்கையைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் போடப்படும் ஊசி பல நேரங்களில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தாக இருக்கிறது. இங்கேதான் இந்தக் கட்டுரையின் அறிவியல் வீட்டுக்குள் நுழைகிறது.

காய்ச்சலாலும் வாந்தியாலும் உடம்பில் நீர் குறையும்போது எண்டோதீலினும் ஆஞ்சியோடென்சினும் சிறுநீரகத்தின் குழாய்களை இறுக்குகின்றன. அந்த நேரத்தில் குழாயைத் திறந்து வைத்துக் காப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் அவற்றின் உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. இறுக்குபவர்கள் மட்டும் களத்தில் மிஞ்சுகிறார்கள். எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இது இரண்டாவது அடி. காய்ச்சல் இறங்கிவிடும், வலி போய்விடும், இரண்டு நாள் வேலைக்கும் போய்விடுவார். சுழல் உள்ளே இறுகிக்கொண்டிருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். காரணம் தெரியாத மழைக்காலக் காய்ச்சலில் மற்ற வலி மருந்துகளைத் தவிர்ப்பதே நல்லது.

முதல் நாட்களில் எலிக்காய்ச்சலை வெல்லும் மருந்து விலை உயர்ந்ததல்ல. டாக்சிசைக்ளின் சில ரூபாய் மாத்திரை; நோய் கடுமையானால் பென்சிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மும்பை மாநகராட்சி மழைக்காலந்தோறும் அறிவிக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் ஏற்றதல்ல, மாற்று மருந்து உண்டு. அதனால்தான் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். கிருமியை முதலிலேயே அடக்கிவிட்டால் எண்டோதீலின் பெருகுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. உலகின் பெரிய ஆய்வகங்கள் முப்பது ஆண்டுகளாகத் தேடும் தடுப்பானின் வேலையை, சரியான நாளில் விழுங்கிய ஒரு மாத்திரை செய்துவிடுகிறது.

தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை, லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை, நிற்கிறது. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய அரசு மருத்துவமனை இவ்வளவு அருகில் இருப்பது இந்நாட்டின் மிகப் பல கிராமங்களுக்குக் கிட்டாத வாய்ப்பு. தொலைவு இங்கே தடையில்லை, தாமதம்தான் தடை. அந்தத் தாமதத்தை உடைக்க மாநகராட்சி செய்யக்கூடியது தெளிவானது. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வப் பெண்களுக்கு விரல் நுனியை அழுத்திப் பார்க்கக் கற்றுத் தர வேண்டும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கொரோனாவின்போது தாராவியில் வீடு வீடாகச் சென்று நோயைத் தேடிய அதே உழைப்பை மழைக்காலத்தின் நான்கு மாதங்களுக்கும் நிரந்தரமாக்க வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். மழைநீரில் நடந்த பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், நீரில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சலாகக் கிடப்பவர் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். கை கால் சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கண் மஞ்சளானாலோ, அரை நாளாகச் சிறுநீர் போகாவிட்டாலோ இன்னொரு ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். செப்சிஸில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.